ஒரே வீட்டில் இரண்டு பெண் நாய்கள் அடித்துக்கொள்கின்றன: ஒன்றைக் கொடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: பெங்களூர் லிங்கராஜபுரத்தில் முதல் மாடி போர்ஷனில் இருக்கிறோம். ஜூலி ஆறு வயது லேப்ரடார். மல்லி தெருவில் இருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய், இப்போது இரண்டு வயது. இரண்டும் பெண், இரண்டுக்கும் கருத்தடை ஆகிவிட்டது. ஒன்றரை வருடம் ஒன்றாகப் படுத்துத் தூங்கியவை, இரண்டு மாதமாக அடித்துக்கொள்கின்றன. போன வாரம் ஜூலிக்குக் காது கிழிந்து தையல் போட்டோம். "விட்டால் தானே சரியாகும்" என்கிறார் மாமியார். "யார் பெரியவர் என்று காட்டணும்" என்று என் வீட்டுக்காரர் மல்லியை மல்லாக்கப் பிடித்து அமுக்குகிறார். மல்லியை யாருக்காவது கொடுத்துவிடலாமா?

பதில்:

கொடுப்பதா வேண்டாமா என்பதைக் கடைசியில் பார்க்கலாம். முதல் வேலை, இன்றைக்கே இரண்டையும் பிரித்து வையுங்கள். ஒன்று படுக்கையறையில், ஒன்று ஹாலில், நடுவில் சாத்திய கதவு. "பார்த்துக்கொண்டே இருக்கிறேன், சண்டை வந்தால் விலக்கிவிடுகிறேன்" என்பது நடக்காது. நாய்ச் சண்டை கிளம்பும் வேகத்துக்கு நாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட முடியாது. காது ஆறி, டாக்டர் பார்த்து, கீழே சொல்லும் பயிற்சி ஓரளவு பிடிபடும்வரை இரண்டும் ஒரே அறையில் இருக்கவே கூடாது. குறைந்தது இரண்டு மூன்று வாரம். இதைத் தண்டனையாக நினைக்காதீர்கள். பெரிய சண்டைக்குப் பிறகு நாய் பல நாள் பதற்றத்திலேயே இருக்கும். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும், ஆழ்ந்து தூங்காது. அந்தப் பதற்றம் அடங்காமல் எதைச் சொல்லிக்கொடுத்தாலும் மண்டையில் ஏறாது.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி சரி. குட்டி அளவு மீறி விளையாடினால் பெரிய நாய் ஒரு உறுமல் உறுமும், பல் படாமல் காற்றைக் கடிக்கும், குட்டி விலகிப் போகும், மூன்று விநாடியில் விஷயம் முடிந்துவிடும். அதில் நாம் தலையிட வேண்டியதில்லை. முற்றமும் தோட்டமும் இருக்கிற வீட்டில் ஒத்துவராத நாய் ஒதுங்கிப் போகவும் இடம் உண்டு. முதல் மாடி போர்ஷனில் அது எங்கே போகும்? ரத்தம் வந்து, தையல் போட்டு, இரண்டு மாதமாகத் தொடர்கிறது என்றால் தானாக அடங்கும் கட்டம் தாண்டிவிட்டது. இனி ஒவ்வொரு சண்டையும் அடுத்த சண்டையை இன்னும் சீக்கிரம் கிளப்பும். முன்பு உறுமலில் நின்றது இப்போது முறைத்த உடனே பாய்ச்சலாக மாறும். நீங்களே இந்த இரண்டு மாதத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

வீட்டுக்காரர் செய்வதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அவரைக் குறை சொல்லவில்லை, இந்தியா முழுக்க நாய் வளர்ப்பவர்களுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இந்த "ஆல்ஃபா", அதாவது கூட்டத்துக்கு ஒரு தலைவன், என்ற கதை வந்த வழியைச் சொல்கிறேன். ருடால்ஃப் ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947ல் ஓநாய்களைப் பற்றி எழுதினார். அவர் பார்த்தவை அடைத்து வளர்க்கப்பட்ட ஓநாய்கள். அந்த மாதிரிக் கூட்டத்தில் அடிதடி சகஜம். அதை வைத்து, ஓநாய்க் கூட்டத்தில் எப்போதும் தலைமைக்குப் போட்டி நடக்கும் என்ற எண்ணம் பரவியது. டேவிட் மெக் என்ற ஓநாய் ஆய்வாளர் 1970ல் எழுதிய புத்தகம் அதை உலகெங்கும் கொண்டுபோனது. அதே டேவிட் மெக், காட்டில் சுதந்திரமாக வாழும் ஓநாய்களைப் பல வருடம் கவனித்துவிட்டு 1999ல் மாற்றி எழுதினார்: காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட ஒரு குடும்பம், அங்கே அடித்துப் பிடித்துத் தலைவனாவது வழக்கமே இல்லை. ஓநாய்க்கே பொருந்தாததை நாம் இன்னும் லேப்ரடார் மேலும் நாட்டு நாய் மேலும் பிரயோகித்துக்கொண்டிருக்கிறோம்.

மல்லியின் பக்கம் நின்று பாருங்கள். ஜூலி பக்கத்தில் வருகிறாள், மல்லி உறுமுகிறாள், உடனே ஒரு பெரிய ஆள் வந்து கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்குகிறார். இதிலிருந்து அவள் கற்றுக்கொள்வது என்ன? ஜூலி பக்கத்தில் வந்தாலே எனக்குக் கெட்டது நடக்கிறது. அடுத்த முறை ஜூலி மேல் வெறுப்பு இன்னும் கூடும். உறுமினால் அடி விழுகிறது என்று தெரிந்ததும் உறுமலை விட்டுவிடுவாள். உறுமாமல் கடிக்கிற நாயோடு வாழ்வது எவ்வளவு ஆபத்து என்று யோசியுங்கள். உறுமல் நமக்கு வேண்டும். அது கேட்கும்போது திட்டாமல், சாதாரணக் குரலில் ஒன்றை அந்தப் பக்கம் கூப்பிட்டு விலக்குங்கள்.

ஒன்றரை வருடம் இல்லாத பகை இப்போது ஏன் வந்தது? இரண்டு இடத்தில் தேட வேண்டும், ஒன்று மல்லியின் வயது, இன்னொன்று ஜூலியின் உடம்பு. நாய்களுக்கு உடம்பு ஒரு வயதுக்குள் வளர்ந்துவிட்டாலும் குணம் முதிர்வது ஏறக்குறைய ஒன்றில் இருந்து மூன்று வயதுக்குள்தான். குட்டியாக இருந்தபோது எதையும் விட்டுக்கொடுத்த நாய் அப்போதுதான் "இது என் இடம்" என்று நிற்கத் தொடங்கும். அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்கத்தின் இதழில் 2011ல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே வீட்டில் சண்டை போட்ட 38 ஜோடிகளைப் பார்த்தார்கள். அதில் 30 ஜோடி ஒரே பாலினம். பெண் நாய்கள் சம்பந்தப்பட்டவையே அதிகம். பெரும்பாலும் சண்டையைத் தொடங்கியது வயதில் சின்னது, அல்லது வீட்டுக்குப் புதிதாக வந்தது. உங்கள் வீட்டு நிலைமை அப்படியே இதில் இருக்கிறது. அதனால் "மல்லிக்குத் தெரு ரத்தம், நன்றி இல்லை" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். எந்த ஜாதி நாயிலும் இது நடக்கிறது.

ஜூலியின் உடம்பை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். ஆறு வயது லேப்ரடார், கருத்தடை ஆனவள், பெங்களூர் வீட்டுச் சாப்பாடு. எடை கூடித்தான் இருப்பாள். இந்த இனத்துக்கு இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சீக்கிரம் கெடும், காதில் சீழ் வைக்கும். வலி உள்ள நாய், யாராவது உரசிக்கொண்டு போனால் முன்பு விட்டதை இப்போது விடாது. இளம் நாய் அந்த மாற்றத்தை மோப்பத்திலும் நடையிலும் நமக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். பெங்களூரில் உண்ணிக் காய்ச்சல் வேறு வருடம் முழுக்க உண்டு, அது மூட்டு வலியைக் கொடுக்கும். தைராய்டு குறைவும் சில நாய்களைச் சிடுசிடுப்பாக்கும். ஆகவே தையல் பிரிக்கப் போகும்போது "காதைப் பாருங்கள்" என்பதோடு நிறுத்தாமல் இடுப்பு, முழங்கை, பல், இரண்டு காது, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் கேளுங்கள். ஜூலி மாடிப்படி ஏறுவதையும் தூங்கி எழுந்து நடக்கும் முதல் பத்து அடியையும் மொபைலில் எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் மேஜை மேல் பயத்தில் எந்த நாயும் நொண்டாது, வீடியோதான் உண்மையைச் சொல்லும். பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே வசதி இல்லை என்றால் ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, உங்கள் ஏரியாவுக்கு அதிக தூரமும் இல்லை. மனிதர்களுக்கான வலி மாத்திரையை மட்டும் வீட்டிலேயே கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அடுத்து, நான் யார் கேட்டாலும் முதலில் கேட்கும் விஷயம்: ஒவ்வொரு சண்டையும் எந்த இடத்தில் நடந்தது, அதற்கு முந்தின அரை நிமிஷத்தில் வீட்டில் என்ன நடந்தது? ஒரு நோட்டில் எழுதுங்கள். நாய்கள் பொதுவாக நாள் முழுக்கப் பகைத்துக்கொண்டிருப்பதில்லை. குறிப்பிட்ட சில இடங்கள், சில நிமிஷங்கள், அவ்வளவுதான். சமையலறை வாசல், மாடிப்படி உச்சி, சோபாவில் உங்கள் மடி, நீங்கள் வேலை முடிந்து உள்ளே நுழையும் நேரம், ஞாயிற்றுக்கிழமை மட்டன் வாசனை, டெலிவரிப் பையன் அடிக்கும் காலிங் பெல். எழுதிப் பார்த்தால் முக்கால்வாசி சண்டை இரண்டு மூன்று இடத்தில்தான் நடந்திருக்கும்.

சண்டை எப்போது தொடங்குகிறது என்பதும் நமக்குத் தெரிவதில்லை. இதைக் கவனித்துப் பாருங்கள்: மல்லி சமையலறை நிலைப்படிக்குக் குறுக்கே படுத்திருக்கிறாள். தாடை தரையில், உடம்பில் அசைவே இல்லை, கண் மட்டும் ஓரமாக ஜூலியைத் தொடர்கிறது, வெள்ளை விழி தெரிகிறது. ஜூலி ஹாலில் நின்று மூக்கை ஒரு தடவை நக்குகிறாள், முகத்தை வேறு பக்கம் திருப்புகிறாள், வாய் மூடியிருக்கிறது. உள்ளே தண்ணீர் இருக்கிறது, அவளுக்குத் தாகம், ஆனால் போகவில்லை. வீட்டில் எல்லோரும் "இரண்டும் சமத்தாக இருக்கின்றன" என்று நினைக்கிறார்கள். இப்படி இருபது நிமிஷம். அப்போது நீங்கள் கையில் தட்டோடு வெளியே வருகிறீர்கள், ஜூலி வாலை ஆட்டிக்கொண்டு ஒரு அடி முன்னே வைக்கிறாள், மல்லி எழுகிறாள், வெடித்துவிடுகிறது. எல்லோர் கண்ணுக்கும் குரைத்துக்கொண்டு பாய்ந்தது ஜூலியாகத் தெரியும், திட்டு அவளுக்கு விழும். சண்டை அந்த நிலைப்படியில் இருபது நிமிஷத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. வழியை மறித்துப் படுப்பது, உடம்பு விறைப்பது, அசையாமல் முறைப்பது, மற்றதன் தோள் மேல் தலையை வைப்பது, வால் மேலே தூக்கி விறைப்பாக ஆடுவது, இவைதான் நீங்கள் தலையிட வேண்டிய நேரம். அப்போதே "மல்லி, வா" என்று கூப்பிட்டு அந்த வாசலைக் காலி செய்தால் பாதி சண்டை நடக்கவே நடக்காது.

பிரித்து வைப்பது நடைமுறையில் வேலை பிடிக்கும், அதற்கு வீடு முழுக்க ஒத்துழைக்க வேண்டும். கதவு மட்டும் போதாது, யாராவது மறந்து திறந்துவிடுவார்கள். தச்சரிடம் சொல்லி சமையலறை வாசலுக்கும் படுக்கையறை வாசலுக்கும் இடுப்புக்கு மேல் உயரமாக ஒரு தட்டிக் கதவு போடுங்கள், மல்லி எகிறிக் குதிக்கும் ஜாதி. முதல் சில வாரம் அந்தத் தட்டி மேல் ஒரு போர்வையைத் தொங்கவிட்டுப் பார்வையையும் மறையுங்கள். கைப்பிடியில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால் "உள்ளே ஒன்று இருக்கிறது, திறக்காதே" என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம், மாமியாருக்கும் வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் எளிதில் புரியும். காலையில் ஜூலி ஹாலில், மதியம் மல்லி ஹாலில் என்று நேரம் மாற்றுங்கள். இரண்டுக்கும் சரிசமமாகக் கொடுக்க வேண்டும் என்று மனதைப் போட்டு உழப்ப வேண்டாம். நாய் கணக்குப் பார்ப்பதில்லை. தனக்கு எப்போது என்ன கிடைக்கும் என்பது தினமும் ஒரே மாதிரி இருந்தால் அதற்கு நிம்மதி. சாப்பாடு தனி அறையில், தட்டைக் கழுவி எடுத்த பிறகே கதவு திறக்க வேண்டும். எலும்பு, பொம்மை எதுவும் பொது இடத்தில் கிடக்கக் கூடாது. சமைத்த எலும்பு எப்படியும் வேண்டாம், உடைந்து குடலைக் கிழிக்கும்.

திரும்பச் சேர்ப்பதை வீட்டுக்குள் தொடங்காதீர்கள். வெளியே, நடையில் தொடங்குங்கள். நீங்கள் ஜூலியை, வீட்டுக்காரர் மல்லியைப் பிடித்துக்கொண்டு, தெருவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒரே திசையில் நடப்பது. நேருக்கு நேர் வரக் கூடாது, இணையாகப் போக வேண்டும். ஒன்று மற்றதைப் பார்த்துவிட்டு அமைதியாக முகத்தைத் திருப்பினால் உடனே உப்பில்லாமல் வேகவைத்த சிக்கன் துணுக்கு ஒன்று. விறைத்து முறைத்தால் தூரம் போதவில்லை என்று அர்த்தம், இன்னும் விலகுங்கள். நாட்கணக்கில், வாரக்கணக்கில் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. லிங்கராஜபுரம் சந்துகளில் இதற்குப் பெரிய தொல்லை தெரு நாய்கள். அவை குரைத்தால் இரண்டும் சூடாகி, அந்தக் கோபத்தைப் பக்கத்தில் இருப்பதன் மேல் காட்டும். விடிகாலையில் ஆள் நடமாட்டம் குறைந்த, நாய் குறைந்த ஒரு லேஅவுட் சாலையைக் கண்டுபிடியுங்கள். கப்பன் பார்க்குக்கு ஞாயிறு காலை கூட்டிப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்த நிலைமையில் வேண்டவே வேண்டாம், அவ்வளவு நாய் நடுவில் இவர்களால் எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

அதே நேரத்தில் வீட்டில் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு பழைய மிதியடியோ பாயோ கொடுத்து, "இடத்துக்குப் போ" என்றால் அதில் போய்ப் படுக்கப் பழக்குங்கள். பெல் அடித்தவுடன் அங்கே போவது பழகிவிட்டால் டெலிவரி நேரச் சண்டை நின்றுவிடும். அது பழகும்வரை பெல்லையே கழற்றிவிட்டு, வருகிறவர்களை போன் செய்யச் சொல்லுங்கள். பால்கனியில் இருந்து தெரு நாயைப் பார்த்துக் குரைப்பதும் இதே வகைதான், கீழ்ப்பாதியை மறைத்துவிடுங்கள். கூண்டு போன்ற வாய்க்கூடு போடப் பழக்கினால் முதல் சந்திப்புகளில் உங்களுக்குத் தைரியம் இருக்கும். மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிற வகை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் துணி வகை வெயிலில் ஆபத்து.

மறுபடி சண்டை வந்துவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள், கழுத்துப் பட்டையைப் பிடிக்காதீர்கள், கத்தாதீர்கள். ஒரு வாளித் தண்ணீர், கனமான போர்வை, இரண்டுக்கும் நடுவில் செருக ஒரு பலகை, இவை ஹாலில் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எதுவும் பலிக்காமல், இரண்டு பேர் இருந்தால், ஆளுக்கு ஒன்றின் பின்னங்கால்களைத் தொடையோடு சேர்த்துப் பிடித்துத் தூக்கிப் பின்னால் இழுக்கலாம். ஆனால் வாயால் கவ்விக்கொண்டிருக்கும்போது இழுத்தால் சதை கிழியும், பிடி விட்ட நொடிக்குக் காத்திருங்கள். பல் பட்ட காயம் மேலே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும், அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். உங்களில் யாருக்காவது பல் பட்டால், நம் வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று விட வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மருந்தைப் பற்றிப் பயம் வேண்டாம். பதற்றம் அதிகமுள்ள நாய்களுக்கு ஃப்ளூவாக்ஸ்டின் போன்றவற்றை டாக்டர்கள் எழுதுவதுண்டு. வேலை செய்ய ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், பயிற்சியோடு சேர்ந்தால்தான் பலன். கருத்தடையைப் பொறுத்தவரை உங்களுக்கு அது முடிந்த விஷயம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: இரண்டு ஆண்களின் சண்டை கருத்தடைக்குப் பிறகு சில சமயம் குறையும். பெண்களுக்குப் பருவ நேரச் சண்டை நிற்கும், மற்றதுக்கு உத்தரவாதம் கிடையாது.

இப்போது உங்கள் கேள்விக்கு. இன்றைக்கு இருக்கும் நிலையில் மல்லியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு காயம், இரண்டு மாதம், இதற்கு முன் ஒன்றரை வருட நட்பு, இவ்வளவும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் பெண்களுக்குள் வரும் சண்டை ஆறுவது கடினம் என்பதையும் மறைக்க மாட்டேன். மூன்று நான்கு மாதம் உண்மையாக முயன்ற பிறகும், தெருவின் எதிர்ப்பக்கத்தில் பார்த்தாலே பாய்கின்றன, அல்லது ஒரு முறை கவ்வினால் விடவே இல்லை, அல்லது விலக்கப் போய் மாமியாருக்குக் கடி விழுகிறது, அல்லது கதவு திறந்து மூடும் வாழ்க்கையில் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை என்றால், ஒன்றுக்கு வேறு நல்ல வீடு தேடுவது பாசம் இல்லாமை ஆகாது. அப்போது வேறு நாய் இல்லாத வீடாகப் பாருங்கள், சண்டை விஷயத்தை ஒளிக்காமல் சொல்லுங்கள். பெங்களூரில் 1991ல் இருந்து இயங்கும் சி.யூ.பி.ஏ. போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் ஆலோசனை கேளுங்கள். எந்த நாய் என்பதையும் யோசித்து முடிவு செய்யுங்கள், பின்னால் வந்தது என்பதற்காக மல்லிதான் போக வேண்டும் என்றில்லை. இளம் நாய் புது இடத்தில் சுலபமாக ஒட்டிக்கொள்ளும் என்பது அவள் பக்கம் ஒரு காரணம், அவ்வளவுதான்.

"தெருவில் இருந்து வந்தவள்தானே, எடுத்த தெருவிலேயே விட்டுவிடலாம்" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொல்வார்கள். செய்துவிடாதீர்கள். வளர்த்த விலங்கைக் கைவிடுவது 1960ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டப்படி குற்றம். அதைவிட, ஒன்றரை வருடம் மெத்தையில் தூங்கிய நாயை இன்று அந்தத் தெருவில் இருக்கும் கூட்டம் உள்ளே விடாது, கடித்துக் குதறிவிடும்.

தீபாவளி நெருங்கும் சமயமாக இருந்தால் இரண்டையும் சேர்க்கும் முயற்சியை அந்த வாரங்களில் தள்ளிப்போடுங்கள். வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும், அதுவரை கற்றதெல்லாம் போய்விடும். ஜன்னல் சாத்திய தனித்தனி அறை, மின்விசிறிச் சத்தம், கூட ஒரு ஆள். பயம் அதிகம் என்றால் பண்டிகைக்குப் பல நாள் முன்பே டாக்டரிடம் மருந்து கேட்டு, வெடி இல்லாத ஒரு நாளில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அசிபுரோமசின் மட்டும் எழுதினால் வேறு கேளுங்கள். அது உடம்பைத் தளரவைக்குமே தவிர பயத்தைக் குறைக்காது.